பிரிட்ஜில் மிஞ்சிய ஊசி

டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. அங்கே வீணாய்ப் போவதற்குக் கணக்கில்லை, ஏனென்று கேட்க ஆளுமில்லை. சொர்ணக்கிளி கேட்டுவிட்டாள்.

அன்று காலையில்தான் அவள் புருஷன் இறந்துபோனார். அவருக்கு வாங்கிய ஊசி மருந்துப் பெட்டியில் பாதி, வார்டு பிரிட்ஜிலேயே மிஞ்சிக் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே ஊசிதான் எழுதியிருந்தார்கள். அதை வாங்க அவர் பெண்சாதி ஜெயக்கொடி தாலிக்கொடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வெறும் மஞ்சள் கயிற்றோடு அடகுக்கடைக்குக் கிளம்பி நின்றாள்.

"எங்க ஊசியை இவருக்குப் போடுங்க சார்," என்றாள் சொர்ணக்கிளி.

டை கட்டிய மேனேஜர் சிரித்தார். "எங்க மருந்துக்கடையைத் தாண்டிட்டா அது கெட்ட மருந்தும்மா. குப்பையிலதான் போடணும்."

சொர்ணக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியா சார்? நேத்து வரைக்கும் அதே பெட்டியில இருந்துதானே எங்க வீட்டுக்காரருக்குப் போட்டீங்க? கெட்ட மருந்தையா போட்டீங்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நோயாளிகளைப் பார்க்க வந்த பெரிய டாக்டரும் நின்றுவிட்டார்.

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, நல்ல மருந்தும்மா! மிச்ச ஊசிக்குச் சீல்கூட உடைக்கல!"

"நல்லதுன்னா இவருக்குப் போடுங்க."

டாக்டர் பிரிட்ஜிலிருந்து பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, நர்ஸிடம் நீட்டினார்.

"அக்கா!" என்று கையைப் பிடித்து அழுதாள் ஜெயக்கொடி. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள் சொர்ணக்கிளி.

"அழாத புள்ள. இனி கழட்ட வேண்டியது என்னுதுதான்."