தாணு கம்பெனி தேடலை வேகமாக்கிய கதை

நாகர்கோவிலில் தாணு என்றொரு கம்பெனி முதலாளி இருந்தார். கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் நகலெடுத்துப் பத்திரமாக வைக்கும் பேக்கப் மென்பொருள் அவருடையது. கூட வேலை பார்த்தவர்கள் வேலப்பன், ஜெபசிங் என்ற இருவர். மூவருமே சொன்ன சொல் தட்டாதவர்கள். வினையே அதுதான்.

அன்று காலையில் ஸ்டூடியோ அருள்ராஜின் கம்ப்யூட்டர் கருகிப்போனது. அதிலிருந்த கல்யாணப் படங்களுக்கு இனி தாணுவிடம் இருக்கும் நகல்தான் கதி. சாயங்காலம் பெண் வீட்டார் ஆல்பத்துக்கு வந்துவிடுவார்கள். மென்பொருளோ ஆடி அசைந்து தேடிக்கொண்டே இருந்தது. தாணு உடனே டேட்டாபேஸ் விஷயத்தில் கெட்டிக்காரரான சென்னை காஞ்சனா மேடத்துக்குப் போன் போட்டார்.

"புஸ்தகத்துக்குக் கடைசியில இருக்குமே, அந்த மாதிரி ஒரு இண்டெக்ஸ் போடுங்க. எது எங்க இருக்குன்னு அதைப் பாத்தே தெரிஞ்சிடும்" என்றார் மேடம்.

போட்டார்கள், கடைசியில். மென்பொருள் அத்தனை படங்களையும் ஒன்றுவிடாமல் தாண்டிப் போய், இண்டெக்ஸைப் படித்து, தேடிய படம் ஆரம்பத்திலேயே இருப்பதைத் தெரிந்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து கிளம்பியது.

மறுபடியும் போன். "ஒரே படம் பல தடவ ஏறியிருக்கும். டூப்ளிகேட்டையெல்லாம் அழிச்சிடுங்க. பறக்கும்!"

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"நம்மகிட்ட இருக்கதுல ஒரிஜினல் எதுடே?" என்று கேட்டார் தாணு.

"ஒரிஜினல் ஸ்டூடியோவுலல்லா இருந்துச்சு, அண்ணாச்சி" என்றான் வேலப்பன்.

"அப்போ நம்மகிட்ட இருக்கது?"

"பூராவும் டூப்ளிகேட்டுதான்" என்றான் ஜெபசிங். "இத்தன நாளா இதையா பொத்திப் பொத்தி வச்சிருந்தோம்!"

தாணுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் முன்ஜாக்கிரதைக்காரர். "எதுக்கும் அழிக்கதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைங்கடே" என்றார். எடுத்தார்கள். அதுவும் டூப்ளிகேட்தான் என்று ஜெபசிங் நினைவூட்டியதால், அதைத்தான் முதலில் அழித்தார்கள்.

இப்போது தேடினால், பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது: 'எதுவும் இல்லை.' தாணுவுக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது. உடனே அருள்ராஜைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தேடல் பறக்குது! ஒரிஜினல அனுப்புங்க, கண்ண மூடித் திறக்கதுக்குள்ள தேடித் தாரோம்."

"ஒரிஜினல் கருகித்தானவே ஒம்மகிட்ட வந்தேன்! பொண்ணோட அப்பாவுக்கு நான் என்னத்தக் காட்டுவேன்?" அருள்ராஜ் அழாத குறை.

தாணுவுக்கு மனசு கேட்கவில்லை. "பேசாம பொண்ணு மாப்பிள்ளைய மறுபடி மேடையில உக்கார வச்சு, தாலி கட்டச் சொல்லிப் படம் எடுத்திட்டா என்ன?"

ஜெபசிங் பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினான்.

"வேண்டாம் அண்ணாச்சி! அந்தக் கல்யாணம் டூப்ளிகேட் ஆயிரும். அப்புறம் அதையும் நாமதான் அழிக்கணும்!"