கன்னத்தில் ஒதுக்கிய மருந்து

ஒரு காட்டில் கரடியார் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். கட்டில் கிடையாது. நோயாளிகள் மருத மரத்தில் கிளைக்குக் கிளை தொங்குவார்கள். யானை மட்டும் கீழே படுக்கும். அதற்கு எல்லாரும் சம்மதித்திருந்தார்கள்.

கெட்டுப்போன வாத்து முட்டையைத் தின்றுவிட்டு, காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக ஒரு குரங்கு அங்கே வந்தது.

கரடியார் கசப்பு உருண்டைகளை ஓர் இலையில் மடித்துக் கொடுத்தார். "வலி நின்றாலும் நிறுத்தாதே. இலை காலியாக வேண்டும்."

"இலையையும் தின்ன வேண்டுமா, வைத்தியரே?"

"வேண்டாம்."

பாதி தின்பதற்குள் வலி நின்றது. குரங்குகளுக்குத்தான் கன்னத்தில் பை உண்டே! "நல்ல பொருளை வீணாக்குவானேன்?" என்று மிச்சத்தை அதில் ஒதுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது.

அதன் வயிற்றுக்குள் கிருமிகள் கூட்டம் போட்டன. வந்தவை கொஞ்சம்தான்.

"நோஞ்சான்கள் எல்லாம் போய்விட்டார்களா?" என்றது கிழட்டுக் கிருமி.

"போய்விட்டார்கள், தாத்தா. இன்னும் கொஞ்சம் மருந்து விழுந்திருந்தால் நாமும் போயிருப்போம்."

"விழாது. இவனை எனக்குத் தெரியும். நீங்கள் பிள்ளை குட்டிகளைப் பெருக்குங்கள்."

அதன்பிறகு குரங்கு ஏப்பம் வந்தால் ஓர் உருண்டை, தும்மல் வந்தால் அரை உருண்டை என்று விழுங்கியது. கிருமிகளுக்கு அது தேகப்பயிற்சியாகிவிட்டது.

ஒரு நாள் குரங்கு கை கழுவாமல் உரித்துக் கொடுத்த பழத்தைத் தின்று, அதன் குட்டி சுருண்டு விழுந்தது.

கரடியார் அதே உருண்டையைக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் கொடுத்தார். குட்டியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது: "கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்."

"மருந்து பழசா, வைத்தியரே?" என்றது குரங்கு.

"மருந்து நேற்று உருட்டியது. கிருமிதான் பழகிவிட்டது. யார் பழக்கியது?"

குரங்கு கன்னத்தைப் பிதுக்கியது. ஊறிப்போன உருண்டைகள் கீழே விழுந்தன. "இதையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்களேன்."

"அன்றைக்கே இதை நீ விழுங்கியிருந்தால், இன்றைக்கு உன் பிள்ளை தாவிக்கொண்டிருப்பான்."

மலைக்கு அப்பால் போய் யானை ஒரு வேரைக் கொண்டுவந்தது. கரடியார் அதை அரைத்து உருட்டினார். "காட்டில் மிச்சமிருக்கும் மருந்து இது ஒன்றுதான். கிருமிகள் இதற்கும் பழகிவிட்டால், தடவிக் கொடுக்க என்னிடம் வெறும் கைதான் இருக்கும்."

குட்டி விழுங்கியது. மெல்லக் காய்ச்சல் இறங்கியது. "வலி நின்றுவிட்டது அப்பா, போதும்" என்றது.

குரங்கு அடுத்த உருண்டையை ஊட்டியது. பிறகு குட்டியின் கன்னத்துக்குள் விரலை விட்டுத் துழாவியது. இலை காலியாகும்வரை தினமும் துழாவியது.

நீதி: பாதியில் விட்ட மருந்து, நோய்க்கு இட்ட உரம்.