குற்றாலிங்கத்தின் பாஸ்போர்ட்டுக்கு நடந்த மரியாதை

மழை கொட்டுகிற சத்தம். முதலில் நாலைந்து துளி, பிறகு ஒரே வீச்சாக, தலைக்கு மேலே தரையெங்கும் சிதறுகிற சத்தம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பர் காலையில் அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கனடாவின் சமவெளி, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. அந்த ஊரில் ஏப்ரல் வரை மழை என்பது ஒரு ஞாபகம் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. மேல் வீட்டில் அரிசி டிரம்மைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

மேல் வீட்டில் நாலு ஆண்கள் இருந்தார்கள். நல்லபெருமாள், ஆவுடையப்பன், இசக்கிராஜ் மூவரும் சகலைகள். சங்கரன்கோவிலில் ஒரே வீட்டில் பிறந்த மூன்று அக்கா தங்கைகளைக் கட்டியவர்கள். நாலாமவன் குற்றாலிங்கம், அந்த வீட்டின் கடைசிப் பெண் கோமதியைக் கட்டப்போகிறவன். தை பதினைந்தாம் தேதி கல்யாணம். பெண்கள் மூவரும் வேலைகளைப் பார்க்க முன்கூட்டியே ஊருக்குப் போய்விட்டார்கள். நால்வரையும் தனியாக விட்டுப் போனதுதான் அவர்கள் செய்த ஒரே தப்பு.

குற்றாலிங்கத்தின் பழைய இந்திய பாஸ்போர்ட் அரிசிக்குள் இருந்தது. வைத்தது ஆவுடையப்பன். நனைந்துபோன போனை அரிசிக்குள் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நனைந்த பிறகு போடுவதைவிட, நனைவதற்கு முன்னாலேயே போட்டுவைப்பது புத்திசாலித்தனம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தப் பாஸ்போர்ட் இப்போது அவசரமாகத் தேவைப்பட்டது. குற்றாலிங்கத்துக்கு அந்த வருஷம் கனடாக் குடியுரிமை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போக இனி அவனுக்கே விசா வேண்டும். விசா வேண்டுமென்றால் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லை என்றால் விசா இல்லை. விசா இல்லை என்றால் மணமேடையில் மாப்பிள்ளை இல்லை. இதை நான் நிதானமாக மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் நால்வரும் தலையாட்டினார்கள்.

முதலில் போட்டோ. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், காது இரண்டும் தெரிய வேண்டும், முகத்தில் உணர்ச்சி கூடாது என்று குறிப்பில் இருந்தது. அந்த ஊரில் பனியைவிட வெள்ளை எது? குற்றாலிங்கத்தைக் குல்லா இல்லாமல் வாசலில் நிறுத்தினார்கள். இசக்கிராஜுக்குக் கேமரா பிடிபட இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பையன் முகத்தில் உணர்ச்சி அறவே போய்விட்டது. காதிலும்தான்.

பிறகு படிவம். ஒப்படைப்பதற்கான காரணம் என்ற இடத்தில் ‘கல்யாணம்’ என்று எழுதினார்கள். கடைசியில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. இந்தக் கட்டத்தில் எதுவும் எழுதக் கூடாது என்று அதன் தலையில் போட்டிருந்தது. நல்லபெருமாள் யோசித்து, பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்துக்குள் அழகான கையெழுத்தில் ‘எழுதவில்லை’ என்று எழுதினார்.

இதோடு நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். இசக்கிராஜ்தான் காலண்டரைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, மார்கழி பிறந்திருச்சு. மார்கழியில நல்ல காரியம் செய்யலாமா?”

“செய்யக் கூடாது,” என்றார் நல்லபெருமாள்.

“அப்ப தை பிறந்த பொறவு ஒப்படைச்சா?” என்று கேட்டான் குற்றாலிங்கம்.

“பதினாலு நாள்ல சான்றிதழ் வாங்கி, விசா வாங்கி, ஊர் போய்ச் சேரணும். நடக்குமாவே?” என்றார் நல்லபெருமாள்.

நால்வரும் காலண்டரை மாறி மாறிப் புரட்டினார்கள். பிறகு ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம். இது நல்ல காரியம்னு யார் சொன்னது?”

“பொறவு?”

“ஒன்பது வருஷமா கூட இருந்துருக்கு. போன இடமெல்லாம் கூட வந்துருக்கு. அதைக் கொண்டுபோய் குடுத்துட்டு, வெறுங்கையா வரப் போறோம். இது நல்ல காரியமா?”

நல்லபெருமாள் ரொம்ப நேரம் பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல,” என்றார் கடைசியில். “இது துக்க காரியம்.”

துக்க காரியத்துக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் துக்க காரியம் என்றால் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் அல்லவா?

“என்ன வயசு?” என்று கேட்டார் இசக்கிராஜ்.

“ஒன்பது.”

“அப்பச் சின்னப் பிள்ளை. புதைக்கணும்.”

“என்னவே பேசுதீரு?” என்றார் ஆவுடையப்பன். “ உள்ளாற பிறந்த தேதி போட்டிருக்கு பாரும். முப்பத்தொண்ணு ஆவுது.”

“யார் பிறந்த தேதி?”

“அதோடதுதான். அதுலதான போட்டிருக்கு?”

நல்லபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தகப்பனார் பெயர், குற்றாலிங்கத்தின் தகப்பனார் பெயர். தாயார் பெயர், அவனுடைய தாயார் பெயர். பிறந்த ஊர் கடையநல்லூர். பிறந்த நாளும் ஒன்றே. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“எல, குற்றாலம்,” என்றார். “இது உன்கூடப் பிறந்ததுல. ரெட்டைப் பிள்ளை.”

குற்றாலிங்கம் அழுதுவிட்டான். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன். கூடப்பிறந்தது ஒன்று இருந்தது என்று தெரிந்த அன்றைக்கே அதைப் பறிகொடுப்பது யாருக்கும் கஷ்டம்தான்.

மறுநாள் காலை நால்வரும் எண்ணெய் வைக்காத தலையோடு, பட்டினியாக, வேட்டிக்குமேல் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். “ஒரு ஆள் போதுமேப்பா,” என்றேன் படியில் நின்று.

“தூக்க நாலு பேர் வேணும்லாக்கா?” என்றார் ஆவுடையப்பன். பாஸ்போர்ட்டை ஒரு தட்டில் வைத்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போய்வருகிறோம் என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது சொல்லக் கூடாது.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது விண்ணப்ப மையத்தின் கவுண்டரில் இருந்த பிலோமினா. தூத்துக்குடிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறிக் கடையில் என்னைப் பார்ப்பாள். சொல்லும்போது சிரித்தாள், அன்றைக்குச் சிரிக்கவில்லையாம்.

பாஸ்போர்ட்டைத் திறந்தாள். ஒரு பிடி அரிசி மேஜையெல்லாம் கொட்டியது.

“என்ன சார் இது?”

“வாய்க்கரிசிம்மா,” என்றார் நல்லபெருமாள். “நீயும் ஒரு பிடி போடுதியா? நம்ம பக்கத்துப் பிள்ளையா வேற இருக்க.”

“போட்டோல நெத்தில என்ன ஒட்டியிருக்கு?”

“ஒத்த ரூவாக் காசு. இங்க உள்ள காசுல ராணி இருக்கா. அது வேண்டாம்னு, நம்ம காசா தேடி ஒட்டுனோம்.”

பிலோமினா நகத்தால் காசைச் சுரண்டி எடுத்தாள். ஊரில் அவளுக்கும் இப்படி மாமன்மார் உண்டு. கேள்வி கேட்டால் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும், ஆகவே கேட்கவில்லை. ரத்து செய்த பாஸ்போர்ட்டில் ஓட்டை போட வேண்டும். அவள் இயந்திரத்தில் வைத்து அழுத்தினாள்.

முதல் ஓட்டை விழுந்ததும் நல்லபெருமாள், “ஆச்சு, ஒரு சுத்து,” என்றார்.

குற்றாலிங்கம் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து இடது தோளில் வைத்துக்கொண்டு, டோக்கன் கொடுக்கிற இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். கொள்ளிக் குடத்துக்கு ஒரு ஓட்டைக்கு ஒரு சுற்று. கணக்கில் பிசகு கிடையாது. இரண்டாவது ஓட்டை, இரண்டாவது சுற்று. காத்திருந்தவர்களில் ஒரு பஞ்சாபிப் பெரியவர், போனது யார் என்று தெரியாவிட்டாலும், எழுந்து தலைகுனிந்து நின்றார்.

மூன்றாவது ஓட்டை விழுந்ததும் குற்றாலிங்கம் பாட்டிலைத் தோளுக்குப் பின்னால் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பாட்டில் உடையவில்லை. பிளாஸ்டிக். உருண்டு போய்ப் பெரியவரின் காலடியில் நின்றது.

“சார்! பத்து நிமிஷம் உக்காருங்க, சர்டிபிகேட் தாரேன்!” என்றாள் பிலோமினா.

நால்வரும் நடந்தார்கள்.

“சார்! அதுக்குத்தானே வந்தீங்க! திரும்பிப் பாருங்க சார்!”

“பார்க்காதே,” என்றார் நல்லபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “அப்படித்தான் கூப்பிடும்.”

கோட்டுகூடப் போடாமல் அவள் கார் நிற்கிற இடம்வரை ஓடினாள். அவள் ஓட ஓட அவர்களும் ஓடினார்கள். காரைப் பின்னால் எடுத்தால்தான் ரோட்டுக்கு வர முடியும். கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் பார்ப்பதுதான் என்று ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாராம். ஒரு பனிமேட்டில் இடித்ததோடு போயிற்று.

துக்க காரியத்துக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அன்றைக்கு மத்தியானம் கட்டிட வாசலில் பக்கெட் சத்தம் கேட்டு நான் இறங்கிப் போனபோது நால்வரும் தலையில் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். ஊற்றின தண்ணீர் தரைக்கு வரவில்லை. இசக்கிராஜின் வேட்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. அவர் அதற்குள்ளிருந்து வெளியே வந்து, பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த கம்பளியை எல்லாம் சுற்றி அவர்களை மாடிக்கு ஏற்றினேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

“சான்றிதழ் எங்கே?” என்று கேட்டேன்.

நால்வரும் காப்பித் தம்ளருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

பிலோமினா நல்லவள். விலாசம் படிவத்தில் இருந்தது. அடுத்த வாரமே சான்றிதழைக் கூரியரில் அனுப்பிவிட்டாள். அதைப் படித்துப் பார்த்த நல்லபெருமாள், “இறப்புச் சான்றிதழ் வந்துட்டு,” என்று சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அதைக் காட்டி விசாவும் வாங்கியாயிற்று. அப்பாடா என்று நான் உட்கார்ந்த அன்றைக்குத்தான் ஆவுடையப்பன் படியிறங்கி வந்தார்.

“அக்கா, கல்யாணம் நின்னு போச்சு.”

“ஏன், பெண் வேண்டாம் என்றுவிட்டாளா?”

“சேச்சே. வீட்டுல துக்கம் நடந்திருக்குல்லா. ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எப்படிச் செய்ய முடியும்?”

நான் மேலே போனேன். குற்றாலிங்கம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கோமதியின் போட்டோ அவன் மடியில். இரண்டு வருஷமாக அவளோடு போனில் பேசிப் பேசி, அவள் குரலில்தான் அந்தக் குளிரைக் கடந்தவன். 

“அது வெறும் புத்தகம், நல்லபெருமாள்,” என்றேன்.

“எங்களுக்குத் தெரியாதாக்கா?” என்றார் அவர் வருத்தமாக. “ஆனா கூடப்பிறந்த புத்தகம்.”

வேறு வழியில்லாமல் கோமதிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

“பெரியத்தான், செத்தது யாரு?”

“பாஸ்போர்ட்டும்மா,” என்றார் நல்லபெருமாள்.

“எது? பாஸ்போர்ட்டா?”

“ரத்த சம்பந்தம்லா. யாராவது ஒரு வருஷம் துக்கம் காத்துத்தான் ஆவணும்.”

 அந்தப் பக்கம் கல்யாண வீட்டில் யாரோ அம்மி இழுக்கிற ஒலி கேட்டது.

“நல்லாருக்கு அத்தான், ரொம்ப நல்லாருக்கு. பத்திரிக்கை குடுத்தாச்சு, பந்தக்காரனுக்குச் சொல்லியாச்சு, நீங்க அங்க உக்காந்து புத்தகத்துக்கு ஒப்பாரி வைக்கிய. துக்கம்தான காக்கணும்? நீங்கதான மூத்தவிய, நீங்களே ஒத்தையில உக்காந்து காத்துக்கிடுங்க! தை பதினஞ்சு காலையில மாப்பிள்ளை மணையில இல்லன்னா, எங்க மாமா மவன் இங்க சும்மாத்தான் சுத்திக்கிட்டு இருக்கான். அவனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. வீட்டுல சாவு விழாது!”

போனை வைத்துவிட்டாள். கோபத்தில் சொன்னாள். இவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி,” என்றார் இசக்கிராஜ் மரியாதையாக, “அதுவும் சரிதான். நீங்க ஒரு ஆளு காத்தா எல்லாருக்கும் காத்த மாதிரிதான?”

“எம் பொண்டாட்டி அங்க காத்துக்கிட்டிருப்பாள்ல?”

“அவியளுக்கு வருத்தம் இருக்காது. அவிய தங்கச்சிதான சொன்னது.”

நல்லபெருமாள் நீளமாக ஒரு மூச்சு விட்டார். எழுந்து போய்த் தன் டிக்கெட்டை எடுத்துவந்து, இரண்டாகக் கிழித்து, குற்றாலிங்கத்தின் தலையில் கைவைத்தார்.

மூன்று பேர் விமானம் ஏறினார்கள். தை பதினைந்தாம் தேதி காலை, சங்கரன்கோவிலில், நேரம் தவறாமல் தாலி கட்டியாயிற்று. அந்த நேரத்தில் நல்லபெருமாள் மேல் வீட்டில் தனியாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கிண்ணம் பாயசம் எடுத்துப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டு, துக்க வீட்டில் இனிப்புக் கூடாது என்று திருப்பி அனுப்பினார். ஊரிலிருந்து வந்த மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதையும் துக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். சவரம் செய்யவில்லை. பொங்கல், தீபாவளி கிடையாது. தாடி நெஞ்சுவரை வந்தது.

வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அலமாரியைத் துடைத்த மனைவி அவருடைய சொந்த இந்திய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அவர் கனடாக் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. அந்த ஒரு பாஸ்போர்ட்தான் இருந்தது. அக்டோபரிலேயே காலாவதியாகிவிட்டது. புதுப்பித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். செத்ததை எழுப்பக் கூடாது என்றார் நல்லபெருமாள்.

துக்கம் இன்னொரு வருஷம் நீண்டது. குற்றாலிங்கத்தின் மகளுக்கு மொட்டை போட்ட அன்றைக்குத்தான் அவர் தாடியை எடுத்தார்.