தகர டப்பாவின் கடைசி பிலிம்

"காசை மிச்சம் பிடிச்சுட்டேன்க்கா. ஆனா ஒரு படமும் தேறல. ஏன்?"

எஸ்தர் கேட்டாள். எம்.ஏ. சமூகவியல், முதல் வருஷம். எதையும் கேள்வி கேட்பாள். பதில் வந்தால் அந்தப் பதிலையும் கேள்வி கேட்பாள்.

தவமணி கையை நீட்டி நெகட்டிவ்களை வாங்கினாள்.

தவமணிக்கு முப்பது வயது. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவள். செல்போனில் கேமரா வராத காலம். குளியலறைதான் அவளுடைய இருட்டறை. கறுப்பு வெள்ளைப் படம் பழக வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவள்தான் குரு.

சிக்கன வழியைக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். கடையில் ரோல் ரோலாக வாங்காதே. நூறடி பிலிமை ஒரே தகர டப்பாவாக வாங்கு. ஸ்டூடியோக்காரர்கள் தூக்கிப்போடும் காலி ரோல்களைக் கேட்டு வாங்கிக்கொள். இருட்டில் பிலிமை வெட்டி நீயே அதில் சுற்று. விலை பாதியாகிவிடும்.

ஆகத்தான் செய்தது.

தவமணி எஸ்தரின் நெகட்டிவ்களை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

விடுதிப் பூனை. விடுதிப் பூனை திரும்பிப் படுத்தது. விடுதிப் பூனை எழுந்துபோன இடம்.

"கடை ரோலா இருந்தா பூனையை எத்தனை எடுத்திருப்ப?"

"ஒண்ணு."

தவமணி நெகட்டிவ்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்போ மலிவா கிடைக்கறது தப்பா? காசு இருக்கறவன் மட்டும்தான் படம் எடுக்கணுமா? இது என்னக்கா நியாயம்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாமலே சொல்றீங்கள்ல, அதான் எரிச்சலா வருது."

எஸ்தர் நெகட்டிவ்களைப் பைக்குள் திணித்தாள்.

"சரி, அது கிடக்கட்டும். எனக்கு ஒரு ரோல் வேணும். நாளைக்குக் காலையிலயே."

"எதுக்கு?"

எஸ்தர் சொன்னாள். பேருந்து நிலையத்துச் சுவரோரம் மீன் விற்கிற பெண்களின் கடைகள். காலி செய்ய நகராட்சிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார்கள். ஆனால் நாளை, புதன்கிழமையே புல்டோசர் வருகிறதாம். போன வருஷம் காய்கறிக் கடைகளை இப்படித்தான் சொல்லாமல் இடித்தார்கள். விசாரணையில், அங்கே கடையே இருந்ததில்லை என்று சாதித்துவிட்டார்கள். பெண்கள் சொன்னது எடுபடவில்லை. யாரிடமும் ஒரு படம் இல்லை.

"உன் டப்பா?"

"தீர்ந்துபோச்சு."

"பூனையா?"

"பூனைதான்."

"கடையில வாங்கேன்."

"மெஸ்ஸுக்குக் கட்டினது போக பஸ்ஸுக்குத்தான் இருக்கு."

தவமணி தன் தகர டப்பாவை எடுத்தாள். அதையும் ஒரு காலி ரோலையும் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் போட்டு மூடி, முழங்கை வரை கைகளை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். பைக்குள் ஏதோ சரசரத்தது. சட்டென்று முடிந்துவிட்டது.

சுற்றிய ரோலை நீட்டினாள்.

"இதுல எத்தனை படம் வரும்?"

"டப்பாவோட கடைசித் துண்டு. இருக்கறவரை வரும்."

"கையால தடவித்தானே சுத்துனீங்க? பத்து வருமா? அஞ்சா?"

"சொன்னா எண்ணிக்கிட்டே நிப்ப."

எஸ்தருக்கு முகம் சிவந்தது.

"உங்களுக்கு இது பாடம். அவங்களுக்கு அது சோறு. அவங்க சோத்தை வச்சு எனக்குப் பாடம் நடத்தாதீங்கக்கா."

தவமணி அவளையே பார்த்தாள். எண்ணிக்கையை மட்டும் சொல்லவில்லை.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

காலையில் சுவரோரம் கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எஸ்தர் கேமராவைக் கண்ணில் வைத்தாள். எடுக்காமலே இறக்கினாள். அந்தப் பக்கம் போனாள். மறுபடி வைத்தாள். இந்தப் பக்கம் வந்தாள். விரல் பொத்தான்மேல் கிடந்து வேர்த்தது. இதை எடுத்து, அடுத்தது இல்லாமல் போய்விட்டால்?

"ஏட்டி, படம் எடுக்க வந்தியா, மீனு வாங்க வந்தியா? சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வாய் வலிக்கி" என்றாள் முதல் கடைக்கார மரியபுஷ்பம்.

எஸ்தர் அழுத்தினாள். படத்தில் கடைகள் வரிசையாக விழுந்தன. அடுத்த படத்துக்காக லீவரை நகர்த்தினாள். நகர்ந்தது.

தெருமுனையில் புழுதி கிளம்பியது. புல்டோசர். பக்கத்தில் ஜீப்பில் அதிகாரியும் அவருடைய ஆட்களும். அழுத்தினாள். லீவரை நகர்த்தினாள்.

பாதியில் நின்றுவிட்டது.

மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். முரட்டுத்தனமாக இழுத்தால் பிலிமை ரோலோடு ஒட்டிய டேப் பிய்ந்துவிடும். லீவர் அசையவில்லை.

ரெண்டு. ரெண்டே ரெண்டு. தெரிந்த வசவுகளையெல்லாம் எடுத்துத் தவமணியை மனசுக்குள் திட்டினாள்.

புல்டோசர் மரியபுஷ்பத்தின் கடைக்கு நேராகத் திரும்பியது. எடுக்க வேண்டிய படம் இப்போதுதான் கண்முன் வந்தது.

எஸ்தர் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. டிரைவரின் முகம் சின்னதாகத் தெரிந்தது. அது பெரிதாகும்வரை முன்னால் நடந்தாள். கடைக்கும் இரும்புக்கும் நடுவில் வந்துவிட்டிருந்தாள்.

"யாருப்பா இது? தள்ளுங்கய்யா அந்தப் பொண்ணை!" என்று கத்தினார் அதிகாரி.

கேமரா அதிகாரியின் ஆட்கள் பக்கம் திரும்பியது. ஒருவரும் கிட்டே வரவில்லை.

டிரைவர் இஞ்சினை அணைத்தான்.

"என்னய்யா நிறுத்திட்ட?"

"பேப்பர்ல என் மூஞ்சிதான் சார் வரும். வேணும்னா நீங்க ஏறி உக்காருங்க."

கேமரா அதிகாரியிடம் வந்தது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது. ஜீப்புக்குப் பின்னால் போனார். அது அங்கேயே காத்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே? அப்ப வாறேன்" என்று ஜீப்புக்குள் ஏறினார்.

புல்டோசரும் ஜீப்பின் பின்னாலேயே போனது.

"படத்துல நான் நல்லா விழுந்திருக்கனாட்டி?" என்று கேட்டாள் மரியபுஷ்பம்.

எஸ்தர் அப்போதுதான் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள்.

அன்று மத்தியானம் தவமணி ஈரப் பிலிமைத் தூக்கிப் பிடித்தாள். ஒன்றில் கடைகள். ஒன்றில் தூரத்துப் புழுதி. அவ்வளவுதான்.

"வண்டி கடைகிட்ட வந்தப்போ?"

"ரோல் தீர்ந்துபோச்சு."

"அப்புறம் என்ன செஞ்ச?"

"நின்னேன்."

பிலிமிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தவமணி அதைக் கொடியில் மாட்டினாள். கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை உன் பக்கத்துல எனக்கு இடமிருக்குமா?"