அரண்மனைச் சுவர் வெட்கப்பட்ட கதை

செம்மணூர் ராஜா மாணிக்க ராயரின் சபையில் திருமலைக்கொழுந்து என்றொரு புலவர் இருந்தார். சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடியும் போய்விட்டார். வெளிச்சுவருக்குப் பூச்சு மட்டும் பாக்கி. செங்கல்லெல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. மழை பெய்தால் பாதி வெளியே, பாதி உள்ளே. அவர் மனைவி ஆவுடை ஒவ்வொரு மழைக்கும் நெல் மூட்டைகளை இந்தச் சுவரோரத்திலிருந்து அந்தச் சுவரோரத்துக்கு இழுத்துப் போட்டு அலுத்துப்போனாள். பூசச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் புலவர் ஏதாவது வேடிக்கை சொல்லிச் சமாளிப்பார். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். புலவர்தான் வேடிக்கையை நிறுத்தவில்லை.

அந்த வீட்டுக்குப் பின்னால் தளவாய் வீரபாகுவின் குதிரை லாயம். லாயத்தைப் பெரிதாக்க அவருக்குப் புலவரின் மனை வேண்டியிருந்தது. ஒருநாள் சபையில் தளவாய், புலவர் வீட்டைக் கண்டால் தன் குதிரைகள் மிரளுகின்றன, பாழடைந்த மண்டபம் என்று நினைத்துக்கொள்கின்றன போலும் என்றார். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். புலவரும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கோ நாக்கு துடித்தது.

"பூசாமல் வைத்திருப்பதே ஒரு கருணையால்தான், மகாராஜா. நான் பூசினால் அரண்மனைச் சுவரே வெட்கப்படும்" என்றார்.

சபையில் இருந்தவர்கள் எல்லாம் ராஜாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் புலவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ராஜா தாடியைத் தடவிக்கொண்டார். "சரி புலவரே. ஐப்பசி முதல் தேதி வந்து பார்ப்பேன். உம்முடைய சுவரைப் பார்த்து என் அரண்மனைச் சுவர் வெட்கப்பட வேண்டும். படாவிட்டால் வீடு தளவாயின் குதிரைகளுக்கு."

தளவாய் சும்மா இருக்கவில்லை. அன்று மாலைக்குள் ஊரிலிருந்த கொத்தனார்களை எல்லாம் கோட்டை வேலை என்று சொல்லி வளைத்துக்கொண்டார். புலவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லோரும் வரமுடியாது என்றார்கள். ஒரு பழைய பூச்சுக் கரணையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். தானே பூசப்போவதாக ஆவுடையிடம் சொன்னார். அவள் அவர் கைகளைப் பார்த்தாள். எழுத்தாணியைத் தவிர எதையும் பிடித்தறியாத கைகள். உள்ளே போய்விட்டாள்.

சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் என்று கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்துச் சாந்து குழைத்தார். வெல்லம் கொஞ்சம் கூடிவிட்டது. ஊர் எறும்பெல்லாம் வந்துசேர்ந்தது. சாந்தை அள்ளிச் சுவரில் வீசினால் அது போன வேகத்தில் அவரிடமே திரும்பி வந்தது. ஒட்டியது சரிந்தது, சரியாதது வெடித்தது. சுண்ணாம்பு பட்டுக் கை பொத்துப்போயிற்று. தாடி, புருவம், மேல்துண்டு எல்லாம் வெள்ளை. முன்சுவர் ஒன்றை முடிப்பதற்குள் அவருக்கு இடுப்பு போய்விட்டது. தள்ளி நின்று பார்த்தார். தோசை சரியாக வராத நாளில் கல்லில் கிடக்குமே, அதுபோல இருந்தது சுவர். இத்தனை வருஷமாக ஊரில் உள்ளவர்கள் செய்ததையெல்லாம் கேலி பேசியிருக்கிறோமே, நாம் செய்த முதல் காரியம் இதுதானா என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. வீடு போகப்போகிறது என்ற நினைப்பில் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஆவுடை வெளியே வந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எனக்கு வெட்கமா இருக்குங்க. இது எங்க வீட்டுச் சுவர்னு நாலு பேர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

புலவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரணையைக் கீழே வைத்தார். மீதிச் சுவர்களைத் தொடவே இல்லை. கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐப்பசி முதல் தேதி ராஜா வந்தார். கூடவே தளவாய், கையில் அளவுக் கயிறு வைத்திருந்த ஓர் ஆளோடு வந்தார். ராஜா சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே நடந்தார். தளவாய்தான் முதலில் பேசினார். மனையை இப்போதே அளந்துவிடலாமா என்று பணிவாகக் கேட்டார்.

"புலவரே," என்றார் ராஜா, "இதைப் பார்த்தா என் அரண்மனைச் சுவர் வெட்கப்படும்?"

"வெட்கத்தில் குன்றிப்போய் நிற்கிறது, மகாராஜா. தினமும் நம் நிழலில் நின்று, நம் சோற்றைச் சாப்பிடுகிறவன் வீட்டுச் சுவரா இது, நாலு பேர் கேட்டால் நமக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எப்படிச் சொல்லுவோம் என்று கூனிக் குறுகுகிறது. அழகில் அரண்மனைச் சுவருக்கு முன்னால் என் சுவர் நிற்கக்கூட லாயக்கில்லை. ஆனால் அரண்மனையை வெட்கப்பட வைப்பதில் இதை மிஞ்ச இன்னொரு சுவர் இந்த ராஜ்ஜியத்தில் கிடையாது."

ராஜா அந்தச் சுவரை மறுபடியும் பார்த்தார். புலவரின் பொத்துப்போன கைகளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கியதும் தளவாயின் பக்கம் திரும்பினார். கோட்டை வேலைக்குப் பிடித்த கொத்தனார்களை எல்லாம் இங்கே அனுப்பும்படியும், அவர்கள் வேலை முடிக்கிற வரைக்கும் குதிரைகளை வேறு வழியாக ஓட்டிக்கொண்டு போகும்படியும் சொன்னார். கயிறு கொண்டுவந்த ஆள் அதைச் சத்தமில்லாமல் இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை தலைமைக் கொத்தனார் ஆட்களோடு வந்து இறங்கினார். கோட்டை வேலைக்கென்று வந்த வெளியூர்க்காரர். யார் வீடு, என்ன கதை என்று அவருக்குத் தெரியாது. முன்சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு பாளம் பெயர்ந்து காலடியில் விழுந்தது. எறும்புகள் சிதறி ஓடின. அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாருய்யா இதைப் பூசினது?"

வாசலில் நின்ற புலவர் கைகளை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டிலேயே இருக்கிற ஓர் ஆள்தான். கைவேலை ஒன்றும் வராது. பாவம், வாயை வைத்துத்தான் பிழைக்கிறான்."