ஞானதுரை எழுதிய கோப்பு

தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனி இருந்ததாம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஞானதுரை தலைவர். புதிதாகச் சேர்ந்த பேச்சித்தாயை முதலாளி ஒருநாள் பாராட்டிவிட்டார். அன்றிலிருந்து ஞானதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

“பழைய கம்ப்யூட்டர்ல ஓடுற நம்ம டேட்டாபேஸ் புதுசுலயும் ஓடணும். அதுல ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. ஓடலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத” என்றார் அவளிடம், முடியாது என்ற நம்பிக்கையில்.

டேட்டாபேஸ் தன் வேலைக்குத் துணையாக ஏதோ ஒரு பழைய லைப்ரரிக் கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்டு அடம்பிடித்து நின்றது. புதுக் கம்ப்யூட்டரில் அப்படியொரு கோப்பே கிடையாது. பேச்சித்தாய் அந்தப் பெயரில் ஒரு கோப்பைச் செய்து வைத்தாள். டேட்டாபேஸ் ஓடத் தொடங்கியது.

ஞானதுரைக்கு வயிறு எரிந்தது. கோப்புக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கக்கூடப் பொறாமை விடவில்லை. நேரே முதலாளியிடம் ஓடினார்.

“அண்ணாச்சி, அந்தக் கோப்பு முழுக்க நான் கஷ்டப்பட்டு எழுதுனது. அந்தப் பிள்ள எடுத்து வச்சதோட சரி.”

முதலாளி பேச்சித்தாயைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“சார் எழுதுனதாவே இருக்கட்டும் அண்ணாச்சி. அதுல ரொம்பக் கஷ்டமான இடத்தை மட்டும் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்க” என்றாள் மெதுவாக.

ஞானதுரை திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

“அந்தப் பழைய கோப்பு செஞ்ச வேலையெல்லாம் இப்பப் புதுக் கம்ப்யூட்டரே செஞ்சிருது. பழைய டேட்டாபேஸ் அந்தப் பேரு இருக்கான்னுதான் பார்க்கும். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, காலிக் கோப்பு ஒண்ணு போட்டு வச்சேன்” என்றாள் பேச்சித்தாய்.

“நீ நாளைக்கும் வா தாயி” என்ற முதலாளி, ஞானதுரை பக்கம் திரும்பினார்.

“எழுதுனதுல ஒரு பிழைகூட இல்லையே வே.”