வைரவன் வரைஞ்ச காது

காலை நீட்டிப் படு. தலகாணியைக் கடிக்காத. உம் கொட்டிக்கிட்டே இருக்கணும், உம் நின்னா கதையும் நின்னுடும், சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு நாடகக் கொட்டகை இருந்துச்சாம். தென்னங்கீத்துக் கூரை, மண் தரை, பலகை மேடை. முன்னாடி மட்டும் பளிச்சுனு சுண்ணாம்பு அடிச்ச நீளமான செவரு. அந்தக் கொட்டகையில படுதா எழுதறவன் ஒருத்தன், பேரு வைரவன். படுதான்னா என்ன? ராஜா வந்தா அரண்மனை, ராணி அழுதா காடுன்னு பின்னாடி தொங்குமே, அந்தத் துணி. அதுதான் அவன் வேலை. ஆனா அவன் உசிரு பூரா முன்னாடி செவுத்துலதான் கிடந்துச்சு.

ஏன்னா அந்த ஊர்ல ஒரு வழக்கம். புது நாடகம் போடறதுக்கு முன்னாடி, நடிக்கிற அத்தனை பேர் மூஞ்சியையும் வைரவன் கரித்துண்டால செவுத்துல சரக் சரக்குனு வரைஞ்சிடணும். எப்படி? கேலிப்படமா! கோணல்மாணலா, பார்த்ததும் சிரிப்பு வர்ற மாதிரி. "அடப்பாவி, என்னை இப்படிப் பண்ணி வச்சிருக்கியே"ன்னு எல்லாரும் அவனைத் திட்டுவாங்க. திட்டிட்டு, ஆள் இல்லாத நேரமா பார்த்து செவுத்து முன்னாடி போய் நின்னு ரசிப்பாங்க. செவுத்துல மூஞ்சி இல்லன்னா நாடகக் கம்பெனியில இடம் இல்லன்னு அர்த்தம், அதான்.

அவன் எப்படி வரைவான் தெரியுமா? மூக்கு நீளமா இருந்தா மூக்கை இன்னும் நீளமா போடறது, அதை நீயே பண்ணிடுவ. வைரவன் அப்படிப் பண்ண மாட்டான். கம்பெனியில ஒருத்தர், வில்லன் வேஷம் கட்டறவரு, மீசையைப் பார்த்தாலே புள்ளைங்க ஓடும். வைரவன் அவருக்கு மீசையைச் சின்னதா போட்டு, கண்ணு ரெப்பையை விசிறியாட்டம் பெருசா போட்டான். ஏன்னா அந்த மனுசன் கத்திச்சண்டை போடறப்பக்கூட கன்னுக்குட்டி மாதிரி பட்டுப் பட்டுனு கண்ணைச் சிமிட்டுவாரு. அதை யாரும் கவனிச்சதில்ல. படத்தைப் பார்த்தப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுது. அப்புறம் எந்தப் புள்ளையும் அவரைப் பார்த்து ஓடல.

ம்.

அவன் நாடகம் பார்க்க உக்கார்ற இடமும் மாறாது. மேடைக்கு நேர் முன்னாடி, விளக்கு வரிசைக்குப் பக்கத்துல. அங்க மூஞ்சி நல்லாத் தெரியும். கால் தெரியாது, விளக்குக்கு முன்னாடி வச்ச தட்டி மறைச்சிடும். காலைப் பார்த்து நமக்கென்ன ஆகப்போகுது, நாம மூஞ்சி வரையறவன்னு அவனுக்கு நினைப்பு. இதை ஞாபகம் வச்சுக்கோ.

அப்போ அந்தக் கம்பெனியில ராஜா வேஷம் கட்டறவரு, ராஜபார்ட் நமச்சிவாயம். அவரு பாடினா கொட்டகைக்கு வெளியில மாட்டு வண்டியெல்லாம் நின்னுடும். அந்தப் பாட்டுல மயங்கித்தான் வைரவன் அந்தக் கொட்டகைக்கே வேலைக்கு வந்தான். அவர்மேல அவனுக்கு அவ்வளவு பிரியம். அந்த வருஷம் புது நாடகம் வந்துச்சு. ஒத்திகையில வைரவன் அவரைப் பார்த்துக்கிட்டே இருந்தான். பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி தலையைச் சாய்ச்சு, வலது காதை இந்தா இப்படித் திருப்புவாரு. ஆகா, சிக்கிடுச்சுன்னு ஓடிப்போய்ச் செவுத்துல வரைஞ்சான். முறம் மாதிரி ஒரே ஒரு காது! அதுக்குப் பின்னாடி துளியூண்டு ராஜா.

ஊரே சிரிச்சுது. சிரிச்ச சனம் பொழுது சாய்ஞ்சதும் நாடகம் பார்க்க வந்து, ராஜா காதையே பார்த்துச்சு. ராஜா பின்பக்கமா திரும்பி நின்னாரு. அப்போ முன்னாடி உக்காந்திருந்த வெத்தலைக்கடைக்காரரு விளையாட்டா, "ராஜா! வேட்டி அவுந்துடுச்சு!"ன்னு ஒரு கத்து கத்தினாரு. கொட்டகையே கொல்லுனு சிரிச்சுது. ராஜா திரும்பவே இல்ல. வேட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கல.

சிரிப்பு அப்படியே அடங்கிப்போச்சு. "அய்யய்யோ, இவருக்குக் காது கேக்காதா?"ன்னு யாரோ சொன்னாங்க.

ஆமா கண்ணு. கொஞ்சம் கொஞ்சமா மங்கி, மொத்தமாவே போயிடுச்சு. காதைத் திருப்பற பழக்கம் மட்டும் போகல. கூட நடிக்கிறவங்க உதட்டைப் பார்த்தே பேசிச் சமாளிச்சுக்கிட்டிருந்தாரு. கம்பெனி முதலாளியம்மா கோமளவல்லிக்கே தெரியாது. அந்தம்மா மறுநாள் வந்து, "அண்ணே, இந்த நாடகம் முடிஞ்சதும் நீங்க ஊருக்குப் போயிடுங்க. நடுவுல பாட்டை விட்டுட்டீங்கன்னா சனம் சும்மா இருக்காது, இத்தனை பேர் பொழைப்பு இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா ஒண்ணும் கெட்டவங்க இல்ல. சொல்லிட்டுப் புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நமச்சிவாயம் கிரீடத்தைக் கழட்டிப் பெட்டிமேல வச்சாரு.

வைரவன் ஓடியாந்தான். "எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமா தெரியாது."

"உனக்குத் தெரியாதுடா. உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு."

வைரவன் நேரா செவுத்துக்குப் போனான். நாம ஒரு காதை வரைஞ்சு, ஒரு மனுசனோட பாட்டையே நிறுத்திட்டமேன்னு. எப்படியாவது இதைச் சரிபண்ணணுமே. என்ன பண்ணினான்? ஈரத்துணியை எடுத்து, சொத் சொத்துனு அந்தக் காதை அழிச்சான். விடிஞ்சதும் சனம் பார்த்துச்சு. ராஜபார்ட் இருந்த இடம் வெள்ளையா கிடக்கு. "அடடா, அனுப்பிட்டாங்களா?"ன்னு ஊரெல்லாம் பேச்சு. நமச்சிவாயம் வந்து அந்த வெறுஞ்செவுத்து முன்னாடி நின்னாரு. "இருந்த இடமும் போச்சா"ன்னு மட்டும் கேட்டாரு.

ம்.

அப்புறம் வைரவன் அவரை அழகா வரைஞ்சான். கிரீடம், எடுப்பான மூக்கு, சிரிச்ச முகம். காதை முடியால மூடிட்டான். வந்தவங்கல்லாம், "யாருப்பா இது, புது மாப்பிள்ளை?"ன்னு கேட்டாங்க. நமச்சிவாயம் பார்த்துட்டுச் சொன்னாரு, "செத்தவங்களைத்தான்டா இவ்வளவு அழகா வரைவாங்க. நான் இன்னும் இருக்கேன்."

அதையும் அழிச்சான்.

அன்னிக்கு நாடகத்துல மேடைக்கு முன்னாடி போய் உக்கார அவனுக்கு மூஞ்சி இல்ல. மேடைக்குப் பக்கவாட்டுல, ஆர்மோனியம் வாசிக்கிற லூர்துசாமிக்குக் கீழ, இருட்டுல தரையில போய்க் குந்திக்கிட்டான். அங்க மேடைப் பலகை அவன் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. மூஞ்சி எதுவும் தெரியல. என்ன தெரிஞ்சுது சொல்லு?

காலு!

ஆங், கெட்டிக்காரி! ராஜாவோட வெறுங்காலு. லூர்துசாமி வலது காலால ஆர்மோனியத்தை மிதிச்சுக்கிட்டே, இடது குதிகாலைத் தூக்கி பலகையில ஒரு போடு போட்டாரு. திம்! உடனே ராஜாவோட கட்டைவிரல் விரிஞ்சுது. பாட்டு வந்துச்சு. திம்... திம்... பாட்டு நடந்துச்சு. திம் திம்னு சேர்த்து ரெண்டு. பாட்டு டக்குனு நின்னுச்சு. சுருதிதான் தொண்டையிலேயே ஊறிப்போனதாச்சே. எப்போ எடுக்கணும், எப்போ நிறுத்தணும்ங்கறது பலகை வழியா கால்ல ஏறிச்சு.

வைரவன் நாடகம் விட்டதும் லூர்துசாமிகிட்ட மெதுவா கேட்டான், "அண்ணே, எவ்வளவு நாளா இப்படி?"

லூர்துசாமி ஆர்மோனியத்தை மூடிக்கிட்டே சொன்னாரு, "நீ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்த நாள் பூரா."

நல்லா வேணும் அவனுக்கு. அப்புறம் அவன் இதுவரைக்கும் பண்ணாத ஒரு காரியம் பண்ணினான். நமச்சிவாயம் முன்னாடி போய், அவருக்குப் புரியற மாதிரி உதட்டை நிதானமா அசைச்சு, "அண்ணே, நான் பார்த்ததை வரையட்டுமா? வேணாம்னா கரியைத் தொட மாட்டேன்"ன்னு கேட்டான். எத்தனை மூஞ்சி வரைஞ்சிருக்கான், யாரையும் அப்படிக் கேட்டதே இல்ல.

அவரு ஒரு கரித்துண்டை எடுத்து அவன் கையில வச்சாரு. "வரை. ஆனா காதையும் போடு. ஒளிச்சு ஒளிச்சு எனக்கு அலுத்துப்போச்சுடா."

வரைஞ்சான். அதே முறம் காது. ஆனா கீழ, தோணி மாதிரி ரெண்டு காலு. ஒவ்வொரு விரலும் ஒரு குட்டிக் காது! பக்கத்துல லூர்துசாமி, அவரோட குதிகால் ஒரு பெரிய மத்தளம். நடுவுல ஒரே ஒரு பலகை.

காலையில சனம் வந்து பார்த்துச்சு. முதல்ல யாருக்கும் புரியல. அந்த வெத்தலைக்கடைக்காரருதான் காலைத் தூக்கித் தரையில ஒரு போடு போட்டுப் பார்த்தாரு. திம். அப்புறம் அவருக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. கோமளவல்லியம்மாவும் வந்து நின்னாங்க. "ஒரு பாட்டுகூட தப்பினதில்லையே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. அப்புறம், "தெரியாம இருந்தப்போ நல்லாருந்த பாட்டு, தெரிஞ்சதும் கெட்டுப் போயிடுமா? நீங்க எங்கேயும் போக வேணாம்ணே"ன்னு சொல்லிட்டாங்க.

சாயங்காலம் கொட்டகையில கால் வைக்க இடமில்ல. ராஜா பாடி முடிச்சாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அவருக்கு அது கேக்காதே? கையெல்லாம் ஆடறதைப் பார்த்து, தலையைக் குனிஞ்சாரு, எப்பவும் போல. அப்போ வெத்தலைக்கடைக்காரரு எந்திரிச்சு, காலைத் தூக்கித் தரையில அடிச்சாரு. திம்! பக்கத்துல ஒருத்தி. திம்! அப்புறம் கொட்டகை மொத்தமும். திம் திம் திம் திம்! புழுதி பறக்குது, மேடைக்காலெல்லாம் அதிருது.

ராஜா சட்டுனு கீழ குனிஞ்சு காலைப் பார்த்தாரு. அப்புறம் லூர்துசாமியைப் பார்த்து, "நீயா?"ன்னாரு. லூர்துசாமி இல்லன்னு தலையை ஆட்டி, சனத்தைக் காட்டினாரு. அவ்வளவுதான். ராஜா கிரீடத்தோட மேடையிலேயே உக்காந்து, ரெண்டு உள்ளங்கையையும் பலகைமேல வச்சுக்கிட்டு அழுதாரு. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவருக்குச் சனம் தட்டறது கேட்டுச்சு!

வைரவன் எங்க இருந்தான்னு கேக்கறியா? பக்கவாட்டுலதான், தரையில. அதுக்கப்புறம் அவன் உக்கார்ற இடமே அதுதான். அந்த ஊர்ல இன்னிக்கும் நாடகம் பிடிச்சுப்போச்சுன்னா யாரும் கை தட்ட மாட்டாங்களாம்.

தூங்கிட்டியா? உம் காணோமே. சரி, வாயால கொட்ட வேணாம். நான் முதுகுல தட்டறேன், கேக்குதா? திம்... திம்... படுதா இறங்கிடுச்சு, விளக்கு அணைஞ்சிடுச்சு, ராஜாவும் கிரீடத்தைக் கழட்டிட்டாரு. கதை முடிஞ்சுது, கண்ணை மூடிக்கோ. திம்...